பீப்பாய் வரைக்கும் கொடி

பிப்ரவரி 9

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. அப்பாவே எழுதுவது.

நீ நலமா? மூக்கு, காது, விரல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா? இங்கே நானும் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே முனகுகிறது.

இந்தக் கடிதத்தை அம்மா எழுதவில்லை. நான் நினைத்து, நானே எழுத்துக் கூட்டி, நானே எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் 'ழ'வைப் பார். அம்மா போடும் 'ழ' சுருண்டு படுத்த பூனை மாதிரி இருக்கும். என்னுடையது லாரியில் அடிபட்ட பூனை. ஆனாலும் பூனை என்று தெரிகிறது அல்லவா?

வார்டு நூலகத்து மாடியில் மாலை வகுப்பு நடக்கிறது. உன்னைவிடச் சின்னப் பெண்தான் டீச்சர். "தாத்தா, கோட்டுக்கு மேல எழுதுங்க, கோட்டை முழுங்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். என் பக்கத்து பெஞ்சில் ஒரு பேங்க் வாட்ச்மேன். பல வருடமாகக் காவல் காத்த கட்டிடத்தின் பெயரை அவர் போன வாரம்தான் படித்தார். வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

உனக்குத் தெரியும், ஐஸ் கம்பெனியில் சம்பள நாளில் நான் பெருவிரல் வைப்பேன். ஐஸ் பாளம் இழுத்து விரல் மரத்துப்போய் ரேகையே விழாது. "ஊதிட்டு வைய்யா" என்பார் கணக்குப்பிள்ளை. இனி யாரும் என்னை ஊதச் சொல்ல முடியாது.

அம்மாவுக்குத்தான் கோபம். "எழுபது வயசுக்கு மேல பேனா பிடிச்சு என்ன, மந்திரி ஆகப் போறீங்களா?" என்றாள். "உனக்குத் தெரியாம என் பொண்ணுக்கு எழுதப் போறேன்" என்றேன். "இத்தனை வருஷமா நீங்க சொல்லச் சொல்ல எழுதினேனே, ஒரு வரியாவது நீங்க சொன்னபடி எழுதியிருப்பேன்னு நினைக்கிறீங்களா?" என்றாள். அடிப்பாவி!

உன்னைத் தென் துருவத்துக்கு அனுப்பிய துருவ அலுவலகத்து அதிகாரியிடம் இதைக் கொடுத்தால் மெஷினில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாராம். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுமாம். "நான் எழுத ஒரு வாரம் ஆச்சு, நீங்களும் கொஞ்சம் நிதானமா அனுப்புங்க" என்று சொல்லப் போகிறேன்.

நீ அங்கே என்ன வேலை செய்கிறாய்? அம்மா படித்துக் காட்டியபோதெல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். இப்போது எனக்கே எழுது. பெரிய எழுத்தில் எழுது.

கையெழுத்துப் போடும்,
அப்பா


பிப்ரவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் கேட்ட உறுப்புகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன. உங்கள் முழங்காலுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் சமையல்காரர் 'ழ'வை மட்டும் பார்த்துவிட்டு, "பூனை பொழைச்சிடும், கவலைப்படாதீங்க" என்றார்.

என் வேலையைச் சொல்கிறேன். நீங்கள் ஐஸ் செய்தீர்கள். நான் ஐஸைத் தோண்டி எடுத்துப் பார்க்கிறேன். இங்கே ஒரு வருடப் பனிமேல் அடுத்த வருடப் பனி விழுந்து, அமுங்கி, ஐஸாகி, அடியில் லட்சக்கணக்கான வருடத்துப் பழைய ஐஸ் கிடக்கிறது. அதற்குள் குட்டிக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் அந்தக் காலத்துக் காற்று. துளை போட்டு, நீள நீளமான தண்டாக வெளியே எடுத்து, அந்தக் காற்றை அளக்கிறோம். உலகம் எப்போது சூடானது, எப்போது குளிர்ந்தது என்று அது சொல்லிவிடும்.

இதை நாங்கள் தனியாகச் செய்யவில்லை. பக்கத்தில் வேறொரு நாட்டு நிலையம் இருக்கிறது. துளை போடும் இயந்திரம் அவர்களுடையது. கூடாரமும் டீசலும் எங்களுடையது. எடுக்கும் தண்டை நீளவாக்கில் அறுத்துப் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. எட்டு வருடமாக இப்படித்தான். ஆனால் மிகப் பழைய ஐஸை இன்னும் தொடவில்லை. அது இன்னும் கீழே இருக்கிறது.

கடல் எல்லைத் தகராறில் இரண்டு நாட்டுத் தூதர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். போன வாரம் எங்களுக்கும் உத்தரவு வந்தது. பக்கத்து நிலையத்தோடு பேசக் கூடாது, ரேடியோவிலும் கூடாது, போகவும் கூடாது. அவர்களுக்கும் அப்படியே. இயந்திரத்தைத் தங்கள் நிலையத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். துளையைச் சும்மா விட்டால் சுற்றியிருக்கும் ஐஸ் நெருக்கி மூடிவிடும். வரும் நவம்பரில் இங்கே கோடை தொடங்கும்போது இயந்திரம் திரும்ப வராவிட்டால் எட்டு வருட வேலை அவ்வளவுதான்.

இரண்டு நிலையத்துக்கும் நடுவே பனி மூடிய பிளவுகள் உண்டு. கால் வைத்தால் ஆளையே விழுங்கும். அதனால் பத்திரமான வழி நெடுக மூங்கில் கழி நட்டுக் கொடி கட்டியிருக்கிறோம். பாதி வழியில் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாய். அதுவரைக்கும் கொடியைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அதற்கு அந்தப் பக்கம் அவர்கள் பொறுப்பு. பீப்பாயைத் தாண்டக் கூடாது என்றுதான் உத்தரவு. கொடி நடக் கூடாது என்று அதில் இல்லை. ஆகவே நட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுத்தின் அளவு போதுமா?

உங்கள் பாப்பா


மார்ச் 21

பாப்பாவுக்கு அப்பா.

நலம். நலம்தானே? அளவு போதும். கண்ணாடி இல்லாமலே பாதி படித்தேன். மீதியைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அம்மாவிடம் கொடுக்காமல் படித்தேன். அவள் சமையலறையில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

நான் ஆயுசு முழுக்க ஐஸ் பாளம் இழுத்தேன், சாயந்திரம் ஆனால் எல்லாம் தண்ணீர். நீ போயிருக்கும் இடத்தில் லட்சம் வருடமாக உருகாமல் கிடக்கிறது, செய்ய ஆளும் இல்லை, கரண்டும் இல்லை. எங்கள் முதலாளிக்குத் தெரிந்தால் நெஞ்சு வலி வந்துவிடும்.

எங்கள் கம்பெனிக்கு வரும் இரண்டு படகுக்காரர்கள் ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். வலைத் தகராறு. ஆனால் பாளத்தை இரண்டாக அறுக்க ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டுமே. ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இழுப்பார், மற்றவர் கூரையைப் பார்த்துக்கொண்டு இழுப்பார். அறுத்து முடித்ததும் "சரியா இருக்கானு அந்த ஆள்கிட்ட கேளு" என்று என்னிடம் சொல்வார்கள். நான் நடுவில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவேன்.

உங்களுக்கு நடுவில் நிற்க யார் இருக்கிறார்கள்? பீப்பாய்தானா?

அப்பா


ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வெயில் இனி சில நாட்கள்தான். பிறகு மாதக் கணக்கில் இருட்டு. அம்மாவின் பாத்திரச் சத்தம் அடங்கியதா? அவளுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதை நீங்கள் படிக்கக் கூடாது.

படகுக்காரர் கதையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். எங்கள் நிலையத் தலைவர் அதிகம் சிரிக்காதவர். அவர் சிரித்துவிட்டு எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பீப்பாய் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நேற்றுக் கொடி நடப் போனேன். புயலில் எங்கள் பக்கத்துக் கழிகள் நிறையப் புதைந்துவிட்டன. பீப்பாய் வரைக்கும் புதிதாக நட்டு நிமிர்ந்தேன். அந்தப் பக்கமும் புதுக் கொடிகள்! சிவப்புத் துணி, இன்னும் நிறம்கூட மங்கவில்லை. யார் நட்டார்கள் என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அவர்களும் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே போலவே அங்கேயும் ஒரே ஒரு டாக்டர்தான். உத்தரவுக்கு முன்னால் வாரம் ஒரு முறை எங்களோடு சாப்பிட வருவார். உலகத்தில் உள்ள எல்லா எழுத்தையும் ஒரு தடவையாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நம் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தேன். 'ழ' வந்ததும் பேனாவை மேசைமேல் போட்டுவிட்டு, இது எழுத்து இல்லை, படம் என்றார். உங்கள் கடிதத்தைக் காட்டியிருந்தால் அவருக்குத் தெம்பு வந்திருக்கும்.

உங்கள் பாப்பா


மே 20

பாப்பாவுக்கு அப்பா.

நலமா? உன் கடிதம் வந்து வெகு நாள் ஆகிறது. அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். "வந்தா நானே போன் பண்றேன் ஐயா" என்றார் அந்த அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வகுப்பில் நான் இப்போது இரண்டாம் புத்தகம். வாட்ச்மேன் இன்னும் முதல் புத்தகம். அவரிடம் நான் பெருமை காட்டுவதில்லை. கொஞ்சம்தான் காட்டுகிறேன்.

அம்மாவுக்கு நீ எழுதிய தனிப் பக்கத்தைப் படிக்கவில்லை. முதல் வரி மட்டும் தானாகக் கண்ணில் பட்டது.

இருட்டில் ஜாக்கிரதை. எழுது.

அப்பா


ஜூன் 4

அப்பா, அம்மா,

நான் நலம். இருட்டு. நிறைய வேலை. கவலை வேண்டாம். பிறகு எழுதுகிறேன்.

பாப்பா


ஜூன் 19

பாப்பாவுக்கு அப்பா.

நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரே சிரிப்பு. எழுத்து ஒவ்வொன்றும் கோணல். 'நலம்' கோட்டைத் தாண்டி மலை ஏறுகிறது. 'எழுதுகிறேன்' என்பதில் உள்ள 'ழ' என் 'ழ'வேதான், அதே அடிபட்ட பூனை. அப்பாவைக் கிண்டல் பண்ண அப்பா மாதிரியே எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். வகுப்புக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டினேன். "என் பொண்ணு, படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினவ, எப்படி எழுதியிருக்கா பாருங்க!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச்மேன் சிரிக்கவில்லை. "இது வேணும்னு எழுதின மாதிரி இல்லையே. கஷ்டப்பட்டு எழுதின மாதிரில்ல இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். கிண்டலுக்கு எழுதுகிறவர் பேனாவை இவ்வளவு அழுத்த மாட்டார். எனக்குத் தெரியும், நான் அழுத்துகிறவன். பிறகு என் பேனாவை இடது கைக்கு மாற்றி 'நலம்' என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் மலை ஏறியது.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பாத்திரச் சத்தம் ஒன்றும் இல்லை.

பாப்பா, உன் வலது கைக்கு என்ன ஆயிற்று?

அப்பா


ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இதுவும் இடது கைதான். கொஞ்சம் தேறியிருக்கிறது, பாருங்கள். நலமாக இருக்கிறேன், இப்போது உண்மையாகவே.

மே மாதம் கொடி நடும்போது பிளவின் விளிம்பு உடைந்து விழுந்தேன். கயிறு கட்டியிருந்ததால் முழுக்க விழவில்லை. கை மட்டும் சிக்கி முழங்கைக்கு மேல் உடைந்தது. எலும்பு வெளியே வந்துவிட்டது. எங்கள் டாக்டர் மயக்கம் கொடுத்தார், அறுவை நடந்தது, தகடு வைத்தாயிற்று. விரல் அசைகிறது. வலது கையால் கரண்டி பிடிக்கிறேன், பேனா இன்னும் பிடிக்க முடியவில்லை.

சொல்லாததற்கு மன்னியுங்கள். இதைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை.

அப்பா, என் எழுத்தை வைத்துக் கண்டுபிடித்தீர்களே! உங்களைப் படிக்க அனுப்பியது தப்பு.

பாப்பா


ஜூலை 17

பாப்பாவுக்கு அப்பா.

நலம். நீ கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டாள், அதுவும் என்னிடம்தான்.

"அவங்க டாக்டர் மயக்கம் குடுத்தாருன்னா, அறுத்தது யாரு? என் பித்தப்பையை எடுத்தப்ப மயக்கம் குடுத்தவர் என் தலைமாட்டைவிட்டு நகரவே இல்லையே. அங்க ஒரே ஒரு டாக்டர்னுதான சொன்னா?"

நான் உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்து விரித்தேன். அவளே சொன்னாள்: "அந்தப் பக்கத்து டாக்டர் கொடி வழியைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்காரு."

பாப்பா, அம்மா இப்படி அழுது நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, "எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்கல்ல? உக்காந்து எழுதுங்க அந்த மனுஷனுக்கு" என்றாள். முதல் தடவையாக அவளே பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் இப்படி எழுதினேன்:

'டாக்டர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். நீங்கள் நலமா? நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். என் மகள் கையை நீங்கள் தைத்துக் கொடுத்தீர்கள். வரக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் வந்தீர்கள். எனக்கு இப்போதுதான் எழுதத் தெரியும். தெரிந்த எழுத்து எல்லாம் சேர்த்து உங்களுக்கு நன்றி எழுதுகிறேன். பனியில் நடக்கும்போது காதை மூடிக்கொள்ளுங்கள். இப்படிக்கு, அந்தப் பெண்ணின் அப்பா. அம்மாவும் கூட.'

உறையின்மேல் 'பக்கத்து நிலைய டாக்டர், பூமியின் அடிப்பக்கம்' என்று எழுதித் துருவ அலுவலக அதிகாரியிடமே கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை நான் வாங்கிக்கலாமா ஐயா?" என்றார். "குடுக்கத்தான வந்தேன்" என்றேன்.

ஒரு வழியாக நான் வெளிநாட்டுக்கே கடிதம் போட்டுவிட்டேன்! வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்பா


ஜூலை 19

அப்பா,

என்ன செய்துவிட்டீர்கள்!

பக்கத்து நிலையத்தை ரேடியோவில் கூப்பிட்டது எங்கள் தலைவர். வந்தது அவர்களுடைய டாக்டர். இரண்டும் தடை. அவர் வந்து போனதை இங்கேயும் எழுதவில்லை, அங்கேயும் எழுதவில்லை. இங்கிருப்பவர்கள் எல்லோரும் ஒரே வாயாக மௌனமாக இருந்தோம். இப்போது உங்கள் கையெழுத்தில் அது அரசாங்கத்து மேசைமேல் இருக்கிறது.

அவருக்கு வேலை போகும். எங்கள் தலைவருக்கும். விசாரணை தொடங்கினால் நவம்பரில் இயந்திரம் வருவதைப் பற்றி யாரும் பேசக்கூட மாட்டார்கள். துளை மூடிவிடும்.

உங்கள் மேல் பழி போடவில்லை. ஆனால் கொஞ்ச நாளைக்கு எதுவும் எழுதாதீர்கள். எனக்கும் வேண்டாம், வேறு யாருக்கும் வேண்டாம்.

பாப்பா


ஆகஸ்ட் 23

பாப்பா,

இது கடிதம் இல்லை. நலமா என்று மட்டும்.

அப்பா


செப்டம்பர் 16

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் நலம். தங்கள் கடிதங்களை மெஷினில் வைத்து அனுப்பும் அதிகாரி நான்தான். மகளிடமிருந்து பதில் வராததால் தாங்கள் வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டதாக, தங்கள் நண்பர் ஒருவர் எங்கள் வாசல் காவலரிடம் சொல்லியிருக்கிறார். காவலர்களுக்குள் செய்தி வேகமாகப் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கடிதங்களைப் படிப்பது என் வேலை அல்ல. ஆனால் தாளை நேராக வைக்கும்போது கண் போய்விடுகிறது. மயக்கம், அறுவை என்று தங்கள் மகள் இடது கையால் எழுதிய கடிதம் வந்த அன்றே, பக்கத்து நிலைய டாக்டர் வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் இயக்குநருக்கும் புரிந்தது. யாரும் எதுவும் எழுதவில்லை. எழுதினால் விசாரணை என்று பயந்தோம்.

அப்போதுதான் தாங்கள் உறையோடு வந்து நின்றீர்கள். அதில் புகார் இல்லை, கோரிக்கை இல்லை, அனுமதிகூடக் கேட்கவில்லை. நன்றி மட்டும் இருந்தது. அப்படி ஒரு தாளை எந்தக் கோப்பில் வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இயக்குநர் அதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

துருவ உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகளின் வருடாந்தரக் கூட்டம் சென்ற வாரம் நடந்தது. நானும் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். இரண்டு நாட்டுக் குழுவும் ஒரே மண்டபத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தேநீர் இடைவேளையில்கூட ஆளுக்கொரு மூலை. இயக்குநர் தங்கள் கடிதத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொண்டு நேராக அவர்கள் மூலைக்குப் போனார். அவர்கள் குழுத் தலைவர் வயதானவர். நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பெண்ணின் கை இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

ஐயா, தூதர்கள் போன பிறகு அவர்கள் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. உயிர் காக்கப் போவது உத்தரவு மீறல் ஆகாது என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டோம். அந்த மே மாதத்துக்கும் சேர்த்துத்தான். ஆகவே யாருக்கும் விசாரணை இல்லை. ஆராய்ச்சி வேலையும் தொடரலாம் என்று முடிவாகியிருக்கிறது. கடல் தகராறு அப்படியேதான் இருக்கிறது. தூதர்கள் இன்னும் திரும்பவில்லை. ஆனால் இயந்திரம் திரும்பும். தங்கள் கடிதமும் டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

தங்கள் மகளுக்கு இன்று தகவல் அனுப்புகிறேன். தாங்கள் தயவுசெய்து வகுப்புக்குப் போகவும். மெஷின் சும்மா கிடக்கிறது.

பணிவுடன்,
துருவ அலுவலகப் பிரிவு அதிகாரி


நவம்பர் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பாருங்கள், வலது கை! கொஞ்சம் நடுங்குகிறது, ஆனாலும் பூனைக்கு வால் வந்துவிட்டது. நீங்களும் அம்மாவும் நலமா? நான் மிகவும் நலம்.

அதிகாரியின் தகவல் வந்த உடனே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுப்பேன், வெட்கமாக இருக்கும், வைத்துவிடுவேன். ஆசையாக எழுதக் கற்றுக்கொண்ட மனிதரிடம் எழுதாதே என்று சொல்லிவிட்டேனே. அதற்கு மன்னிப்பை இடது கையால் கேட்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நாள் கையைப் பழக்கினேன். எழுதுங்கள் அப்பா. எனக்கு, அம்மாவுக்கு, வாட்ச்மேனுக்கு, யாருக்கு வேண்டுமானாலும் எழுதுங்கள்.

வெயில் வந்துவிட்டது. நேற்று அவர்கள் வண்டி இயந்திரத்தை இழுத்துக்கொண்டு கொடி வழியாக வந்தது. நாங்கள் எல்லோரும் பீப்பாயில் காத்திருந்தோம். மே மாதம் தன் வண்டி இந்த இடத்தில் நிற்கவே இல்லை என்றார் டாக்டர். நின்றால் யோசிக்க வேண்டி வரும் என்று ஓட்டுநரிடம் சொன்னாராம். இந்தத் தடவை நிறுத்தினார். இறங்கி முதலில் என் சட்டைக் கையை மேலே தள்ளித் தையலைப் பார்த்தார். அப்புறம்தான் வணக்கம் சொன்னார்.

துளை கொஞ்சம் இறுகியிருக்கிறது. மூடவில்லை. இயந்திரம் உள்ளே போய்விட்டது.

உங்களுக்கு அவர் ஒரு பதில் எழுதியிருக்கிறார். எந்த மொழியில் எழுதட்டும் என்று கேட்டார். அவருடைய மொழியிலேயே எழுதுங்கள், எங்கள் அப்பாவுக்குப் புது எழுத்து என்றால் உயிர் என்று சொல்லிவிட்டேன். இதோடு வருகிறது.

உங்கள் பாப்பா


நவம்பர் 30

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நலம், நலம், நலம். அம்மாவும் நலம். உன் 'ழ'வைப் பார்த்து அவள், "இப்பதான் என் பொண்ணு எழுத்து" என்றாள்.

டாக்டரின் கடிதம் வந்தது. பிரித்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை! எல்லாம் கொக்கியும் வட்டமுமாக இருக்கிறது. தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தேன், அப்படியும் அழகாகத்தான் இருந்தது. பாப்பா, நான் மறுபடியும் படிக்காதவன் ஆகிவிட்டேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அம்மா தண்ணீர் கொண்டு வந்து, "இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

வகுப்பில் டீச்சரிடம் காட்டினேன். "தாத்தா, இது எனக்கும் தெரியாது" என்றாள். வாட்ச்மேனுக்கு அவ்வளவு சந்தோஷம், டீச்சரும் நம் பெஞ்சுக்கு வந்துவிட்டாள் என்று. அடுத்த வாரம் நூலகத்தில் அந்த மொழிக்கு அரிச்சுவடி இருக்கிறதா என்று தேடப் போகிறோம், மூன்று பேரும். துருவ அலுவலக அதிகாரி மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடிதத்தை நானே படிப்பேன். எவ்வளவு நாள் ஆனாலும் சரி.

ஆனால் ஒரே ஒரு வார்த்தையை இப்போதே படித்துவிட்டேன். தாளின் அடியில், கையெழுத்துக்குப் பக்கத்தில், நம் எழுத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. பேனாவை நன்றாக அழுத்தி எழுதியிருக்கிறார். வரி மலை ஏறுகிறது. நடுவில் ஒரு 'ழ', லாரியில் அடிபட்டுப் பிழைத்த பூனை.

'எழுதுங்கள்.'

எழுதிக்கொண்டிருக்கிறேன், பாப்பா. அவருடைய கடிதத்தின் முதல் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கீழே போட்டிருக்கிறேன். அவரிடம் காட்டு. என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்.

அப்பா